லுத்விகா எரிக்காத ஏழு நிமிடங்கள்

எங்கள் ஸ்டூடியோவில் நெகட்டிவ் வெட்டி ஒட்டும் வேலையில் இருபத்து மூன்று வருடம் இருந்தவர் லுத்விகா பாவ்லிக். அந்நாளில் வூச் நகரத்தில் ஆவணப்படம் எடுத்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். படம் பார்த்த ஒருவருக்கும் தெரியாது. இயக்குநர் பிரதியில் வெட்டிப் பார்க்கலாம், தப்பானால் இன்னொரு பிரதி போட்டுக்கொள்ளலாம். நெகட்டிவ் ஒன்றுதான். அதில் கத்திரி பட்டால் பட்டதுதான். அந்தக் கத்திரி லுத்விகாவுடையது. வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, மூச்சைக்கூட ஒரு பக்கமாக விட்டுக்கொண்டு வெட்டுவார்.

பேச்சு குறைவு. பேசினால் காரம். பெரிய பெயர் வாங்கிய இயக்குநர் ஒருவர், தன் படத்தில் எது நல்ல காட்சி என்று ஒருமுறை அவரிடம் கேட்டுவிட்டார். “நீங்க வேணாம்னு தூக்கிப் போட்டீங்களே, அதுதான் சார்” என்று சொல்லிவிட்டுக் கறுப்பு ரொட்டியில் பன்றிக் கொழுப்பைத் தடவ ஆரம்பித்தார் லுத்விகா. பக்கத்து அறையில் ஒலிப்பதிவுக்காரனாக இருந்த நான் சிரிப்பை அடக்க வெளியே ஓட வேண்டியிருந்தது.

வெட்டி மிஞ்சிய துண்டுகள் ஆறு மாதத்தில் கொதிகலன் நெருப்புக்குப் போக வேண்டும் என்பது விதி. லுத்விகா அவற்றில் பலவற்றைச் சுருட்டித் தகர டப்பாவில் போட்டு, ஏதோ ஒரு பெயர் எழுதி, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துக்கொள்வார். யாரும் கேட்டதில்லை.

1980 ஆகஸ்டில் கடற்கரை ஊர்களில் கப்பல் தளங்கள் நின்றன. தொழிலாளருக்கான அரசாங்கம் என்று சொல்லிக்கொண்ட அரசாங்கத்தை எதிர்த்துத் தொழிலாளர்களே உட்கார்ந்துவிட்டார்கள். பத்திரிகைகளுக்கு வேலைநிறுத்தம் என்ற சொல் வாயில் நுழையவில்லை. ‘வேலையில் ஏற்பட்ட இடைவேளை’ என்று எழுதின. அந்த இடைவேளை நாடு முழுக்கப் பரவி, கட்சிக்குக் கட்டுப்படாத தனிச் சங்கத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று. மறுவருடம் மார்ச்சில் எங்கள் ஊர்ப் பஞ்சாலை ஒன்றில் மூன்றாம் கூடத்து நெசவுப் பெண்கள் தறிகளை நிறுத்தினார்கள். எங்கள் இயக்குநர் கொன்ராட் யார் யார் காலையோ பிடித்துப் படமெடுக்க அனுமதி வாங்கினார். அவர், ஒரு கேமராமேன், ஒலிப்பதிவுக் கருவியோடு நான், மூன்று பேரும் நாலு நாள் அந்த மில்லிலேயே கிடந்தோம்.

மூன்றாம் நாள், பொட்டலம் கட்டும் அறையில் போஷெனாவைப் பார்த்தோம். முப்பத்தொரு வயது, ஒடிசலான உடம்பு, தலையில் நீலத்துணி. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் மை தேய்த்துத் துண்டறிக்கை அடித்துக்கொண்டிருந்தாள். “மெஷின் எங்கம்மா?” என்று கொன்ராட் கேட்டார். “நெசவுக்காரிக்குத் துணி போதாதா?” என்றாள். சட்டத்தைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டினாள். ஈரம் காயாத தாளை உயர்த்திப் பிடித்துச் சிரித்தாள். பிறகு பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. தறிச் சத்தத்துக்கும் தூசிக்கும் தலைவலி தாங்காமல் பெண்கள் நாளைக்கு ஆறு மாத்திரை போடுவதைச் சொன்னாள். மாத்திரை தீர்ந்துவிட்டால் எந்தத் தறியும் ஓடாது என்றாள். இன்னும் என்னென்னவோ. ஏழு நிமிடம். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நான் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

பத்து நாள் கழித்து அவளே ஸ்டூடியோவுக்கு வந்தாள். கையில் வெறும் சந்தைப் பை.

“அக்கா, இங்க படத்த வெட்டறவங்க யாரு?”

“நான்தான். உக்காரு” என்றார் லுத்விகா.

“உக்கார நேரமில்ல. என்ன அந்தப் படத்துலேருந்து வெட்டிடுங்க.”

கொன்ராட் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “என்னம்மா சொல்றீங்க? படத்தோட உசிரே அதுதான்.”

“உசிரு எனக்கும் ஒண்ணுதான் சார் இருக்கு. வீட்டுக்காரரு கட்சிக்காரரு, தறி மேஸ்திரி. நான் துண்டறிக்க அடிக்கறது அவருக்கே தெரியாது. உருளக்கெழங்கு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“காலம் மாறிடுச்சும்மா. சங்கத்துக்கு அவங்களே அனுமதி குடுத்துட்டாங்க. இன்னும் யாருக்குப் பயப்படறீங்க?”

“மாறின காலம் திரும்பவும் மாறாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

லுத்விகா சொன்னார்: “நாளைக்குக் காலையில எடுத்துடறேன். நீ கெளம்பு, கடை மூடிடப் போறான்.”

போஷெனா வாசலில் நின்று திரும்பினாள். “வெட்டினத என்ன பண்ணுவீங்க? எரிச்சுடுவீங்கல்ல?”

“எரிச்சுடறேன்.”

நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் சாட்சி.

என் பங்குக்கு நான் அவள் குரல் இருந்த நாடாவை அன்றே அழித்தேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நாடாவுக்குத் தட்டுப்பாடு, மறுநாள் படப்பிடிப்புக்கு வேண்டியிருந்தது. லுத்விகா படத்திலிருந்து ஏழு நிமிடத்தையும் ஒரு ஃபிரேம் மிச்சமில்லாமல் எடுத்தார். சுருட்டி, மாடிப்படி இறங்கி, கொதிகலன் அறை வரைக்கும் போனார். அங்கிருந்து திரும்பி வந்தார்.

ஏன் என்று பல மாதம் கழித்து என்னிடம் சொன்னார். “ரோமன், எங்கம்மா முப்பது வருஷம் பஞ்சாலையில நின்னா. நாப்பது வயசுல காது போச்சு. ஒருத்தன் வந்து அவகிட்ட ஒரு வார்த்த கேட்டதில்ல. இவகிட்டக் கேட்டாங்க. இவ பதில் சொன்னா. அத எப்படி நெருப்புல போடறது? என்னிக்காவது காட்டலாம்னு நெனச்சேன். நெனச்சது தப்பு.”

டப்பாவின்மேல் ‘தேனீ வளர்ப்பு, மிச்சம்’ என்று எழுதிக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டார்.

அக்டோபரில் படம் முடிந்தது. ‘மூன்றாம் கூடம்’ என்று பெயர். மில் கேன்டீனில் ஒரு தடவை போட்டோம். பெண்கள் தங்களைத் திரையில் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். பின்வரிசையில் போஷெனா கணவனோடு உட்கார்ந்திருந்தாள். தான் இல்லாத படத்தை நிம்மதியாகப் பார்த்துவிட்டு, போகும்போது லுத்விகாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

டிசம்பர் பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை. காலையில் தொலைபேசியைத் தூக்கினால் உயிரில்லை. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவன் ராணுவ உடுப்பில் இருந்தான், நாட்டில் ராணுவச் சட்டம் என்றான். பனியில் டாங்கிகள் போன தடம் எங்கள் தெருவரைக்கும் வந்திருந்தது. மூன்றாம் கூடத்துப் பெண்கள் திங்கட்கிழமை மறுபடியும் தறியை நிறுத்தினார்கள். செவ்வாய்க்கிழமை போலீஸார் தடிகளோடு உள்ளே புகுந்து, சங்கக் கமிட்டியை முழுக்க அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் படத்தில் முகம் தெரிந்த பதினொரு பேரும் அதில் அடக்கம். போஷெனா படத்திலும் இல்லை, கமிட்டிப் பட்டியலிலும் இல்லை. தறி மேஸ்திரியின் மனைவி. அவளை யாரும் தொடவில்லை.

கொன்ராட் அப்போது வெளிநாட்டில் ஒரு திரைப்பட விழாவில் இருந்தார். திரும்பி வரவில்லை. வந்திருந்தால் ஜெயில்தான், குறை சொல்ல மாட்டேன்.

ஜனவரியில் ஸ்டூடியோ திறந்தது. வாசலில் சிப்பாய்கள், போகும்போதும் வரும்போதும் சோதனை. ‘மூன்றாம் கூடம்’ படத்தின் எல்லாப் பிரதியும் முதல் வாரத்திலேயே பறிமுதலாகிவிட்டது. மிச்சத் துண்டுகளையும் கேட்பார்கள் என்று பேச்சு வந்தது. அன்று மாலை லுத்விகா அந்தச் சுருளைக் கம்பளிச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். முன்னால் நின்ற கணக்குப் பிரிவுப் பெண்ணின் கோட்டைக் கழற்றச் சொல்லித் தடவிக்கொண்டிருந்தார்கள். லுத்விகா கையுறையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து சுருளைப் பழைய இடத்திலேயே வைத்தார். நாளைக்கு வேறு வழி பார்க்கலாம் என்று நினைத்தாராம். காலை எட்டு மணிக்கு லாரி வந்து அலமாரியை அப்படியே ஏற்றிக்கொண்டு போனது.

அந்தக் குளிர்காலம் முழுக்க மில்லில் துண்டறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. உள்ளே போனவர்கள் பெயர், எந்தச் சிறையில் இருக்கிறார்கள், வீட்டுக்கு யார் உதவலாம், எல்லாம் அதில் இருக்கும். கமிட்டியே உள்ளே இருக்கும்போது அடிப்பது யார் என்று போலீஸுக்குப் புரியவில்லை.

பிப்ரவரி கடைசியில் ரகசியப் போலீஸிடமிருந்து லுத்விகாவுக்கு அழைப்பு வந்தது. மஃப்டியில் இருந்த ஒருவர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். கண்ணாடி டம்ளரில் தேநீர் வைத்தார். அங்கே நடந்ததை லுத்விகா என்னிடம் ஒரு வார்த்தை விடாமல் சொல்லியிருக்கிறார்.

“உங்க வேலை சுத்தம்னு எல்லாரும் சொல்றாங்க தோழர்” என்றார் அந்த ஆள். “நூறு டப்பா பாத்தாச்சு. ஒண்ணுலகூட ஒரு கீறல் இல்ல. தேனீகூடப் பாத்தோம்.”

மேஜையில் ஒரு புகைப்படத்தை வைத்தார். நீலத்துணி கட்டிய பெண், கையில் மரச்சட்டம்.

“இது எந்தத் தேனீ?”

“தெரியாது.”

“சத்தம் எங்க? வாய் அசையுது, பேச்சு இல்லயே.”

“சத்தம் என் வேலை இல்ல.”

“சரி, குடிங்க, ஆறிடப் போகுது. நீங்க சொல்லணும்னு அவசியமே இல்ல. மில்லு ஆபீஸ்ல ஒரு ஆள்கிட்டக் காட்டினா அரை நிமிஷம். ஒரு மரியாதைக்கு உங்ககிட்டக் கேட்டேன். இவ்ளோ பத்திரமா வெச்சுக் குடுத்திருக்கீங்களே.”

மறுநாள் போஷெனாவைத் தறியிலிருந்தே கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டில் பரண்மேல் சட்டமும் மையும் கிடைத்தன. கணவன், தனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அது உண்மையும்கூட. மூன்று வருடத் தண்டனை. அவள் உள்ளே இருக்கும்போதே விவாகரத்து வாங்கிவிட்டான். எட்டு வயது மகள் இவோனா, போஷெனாவின் சித்தி வீட்டுக்குப் போனாள்.

லுத்விகாவை ஸ்டூடியோவிலிருந்து நீக்கினார்கள். நீக்காவிட்டாலும் போயிருப்பார். ஏப்ரலில் ஒரு நாள் டிராமில் பார்த்தேன். கையெல்லாம் பஞ்சுத் தூசி.

“எங்க வேலை?” என்றேன்.

“அதே மில்லு. நூல்கண்டு வண்டி தள்றேன்.”

“பைத்தியமா உங்களுக்கு? அங்க ஏன்?”

“வேற எங்க போறது?”

முதல் நாளே மதியச் சாப்பாட்டில், மூன்றாம் கூடத்தின் மூத்த நெசவுக்காரி ரெகினாவிடம் போய், “அந்தப் படத்த எரிக்காம வெச்சிருந்தது நான்தான்” என்று சொல்லியிருக்கிறார். ரெகினா கரண்டியைக் கீழே வைத்தாள். “எரிக்காம வெச்சிருந்தியா, எடுத்துக் குடுத்தியா?” என்றாள். லுத்விகா சொன்னதை அவள் நம்பவில்லை. காட்டிக்கொடுத்தவளை வேவு பார்க்க உள்ளே அனுப்பியிருக்கிறார்கள் என்று கூடம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அவர் உட்கார்ந்த மேஜையில் யாரும் உட்காரவில்லை. பீட்ரூட் சூப்பில் துப்பி வைத்தார்கள். வண்டிச் சக்கரத்தில் நூலைச் சுற்றிவிட்டார்கள். ‘தேனீ’ என்று பெயர் வைத்தார்கள். அவர் வந்தால் வாயால் ரீங்காரம் செய்வார்கள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே போவார்.

எண்பத்து மூன்று ஜூலையில் பொது மன்னிப்பு வந்தது. போஷெனா வெளியே வந்தாள். எந்த மில்லிலும் அவளைச் சேர்க்கக் கூடாது என்று மேலிடத்து வாய்மொழி உத்தரவு. மகளோடு ஒரு பழைய கட்டடத்தின் உச்சிமாடி அறையில் குடியிருந்து, வீடுகளில் திரைச்சீலை தைத்துக் கொடுத்தாள். ஆகஸ்டில் லுத்விகா அந்த ஐந்து மாடியும் ஏறிப் போய்க் கதவைத் தட்டினார்.

போஷெனா உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்றாள். பல் இரண்டு போயிருந்தது. ஓயாத இருமல்.

“எரிச்சுடறேன்னு சொன்னீங்க” என்றாள்.

“ஆமா.”

“என் மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்க.”

“ஆமா.”

“ஏன்?”

லுத்விகா தன் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த வாசலில் நின்றபோது அந்தக் காரணம் அவருக்கே அருவருப்பாக இருந்ததாம். “நல்லாயிருந்துச்சு. அழிக்க மனசு வரல” என்று மட்டும் சொன்னார்.

“இப்ப எங்க வேலை?”

“உங்க மில்லுலதான். நூல்கண்டு வண்டி.”

போஷெனா சிரித்தாள். இருமலில் போய் முடிந்த சிரிப்பு. “என்ன வெளிய தள்ளிட்டு நீங்க உள்ள போயிட்டீங்களா? பாவம் கழிக்கவா? கழிஞ்சுதா?”

“இல்ல.”

கதவைச் சாத்தப் போனவள் பாதியில் நிறுத்தினாள். “வண்டின்னா எல்லாக் கூடத்துக்கும் போவீங்களா?”

“நாலு கூடத்துக்கும் போவேன்.”

“வாசல்ல சோதனை உண்டா?”

“என்னச் சோதிக்க மாட்டாங்க. நான் அவங்க ஆளுன்னு காவக்காரனும் நெனச்சுட்டிருக்கான்.”

“வியாழக்கெழம வாங்க” என்று கதவைச் சாத்தினாள்.

அன்று ஆரம்பித்தது, நாலு வருடம் நடந்தது. வியாழக்கிழமைதோறும் லுத்விகா ஐந்து மாடி ஏறுவார். போஷெனா புதிய சட்டத்தில் அடித்து வைத்திருக்கும் துண்டறிக்கைகளை வயிற்றில் கட்டிக்கொண்டு இறங்குவார். வெள்ளிக்கிழமை நூல்கண்டு அட்டைப்பெட்டிகளின் அடியில் அவை நாலு கூடத்துக்கும் போய்ச் சேரும். மை, எங்கள் ஸ்டூடியோவில் தலைப்பு எழுதும் பட்டறையிலிருந்து நான் திருடிக் கொண்டுவந்தது. இந்த விஷயம் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

“மில்லுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடுங்களேன்” என்று நான் போஷெனாவிடம் ஒருமுறை கேட்டேன். “ரெகினாகிட்டயாவது. அந்தம்மாவ என்ன பாடு படுத்தறாங்க தெரியுமா?”

“தெரியும். படுத்தட்டும். அவங்க காறித் துப்பற வரைக்கும்தான் காவக்காரன் அந்தம்மா கோட்டத் தொட மாட்டான். நிறுத்திட்டா மறுநாளே மாட்டுவாங்க.”

“கணக்கு சரிதான். மனசுன்னு ஒண்ணு இருக்கே.”

“எனக்கும் இருந்துச்சு” என்றாள்.

லுத்விகாவிடம் கேட்டால், “அவ சொல்றது சரிதானே” என்பார்.

அந்த நாலு வருடத்தில் போஷெனா அவரை ஒருநாள்கூட உட்காரச் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தேநீர் கொடுத்ததில்லை. அத்தை என்று கூப்பிடும்படி மகளிடம் சொன்னதில்லை. தாளைக் கொடுப்பாள், வாங்கிக்கொண்டு போவார். ஒரு முறை மூன்றாம் கூடத்தில் துண்டறிக்கை கிடைத்து, பெண்கள் அதைச் சுற்றி நின்று படித்துக்கொண்டிருந்தபோது லுத்விகா வண்டியோடு வந்துவிட்டார். ரெகினா அவசரமாகத் தாளைக் கசக்கி மார்புக்குள் போட்டுக்கொண்டாள். “தேனீ வருது, தேனீ வருது” என்று எல்லோரும் கலைந்தார்கள். அரைமணி முன்னால் அதைப் பெட்டிக்கடியில் வைத்தவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். இதை என்னிடம் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

எண்பத்து எட்டு மார்ச்சில் போஷெனா செத்துப்போனாள். நுரையீரல். சிறையின் ஈரமும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து செய்த வேலை என்று டாக்டர் சொன்னார், எழுதித் தரவில்லை. வயது முப்பத்தெட்டு. ‘எல்லாம் முடிந்ததும் நானே மில்லில் சொல்லிவிடுகிறேன்’ என்று கடைசி மாதங்களில் அவள் லுத்விகாவிடம் ஒருமுறை சொல்லியிருந்தாள். முடிவதற்கு முன்னால் அவள் முடிந்துவிட்டாள். இடுகாட்டில் மூன்றாம் கூடமே நின்றது. லுத்விகாவை உள்ளே விடவில்லை. ரெகினா கேட்டிலேயே மறித்து, “செத்த பொறகுமா வேவு பாக்க வந்துட்ட?” என்றாள். அவர் தெருமுனை வரைக்கும் போய், ஊர்வலம் கலையும்வரை அங்கேயே நின்றிருந்தார்.

மறுவருடம் அரசாங்கம் போயிற்று. கொன்ராட் நரைத்த தலையோடு திரும்பி வந்தார். பறிமுதல் ஆன படச்சுருள்கள் ஒரு கிடங்கில் கிடைத்தன. ஏழு நிமிடச் சுருளும் அதில் இருந்தது. கொன்ராட் அதைப் படத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். லுத்விகா, பதினாறு வயது இவோனாவிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார். “ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னால இருந்த அம்மா மொகம் எனக்குச் சரியா ஞாபகமில்ல. போடுங்க” என்றாள் அந்தப் பெண்.

தொண்ணூறு அக்டோபரில் மில் கேன்டீனில் மறுபடியும் ‘மூன்றாம் கூடம்’. லுத்விகா தானே ஒட்டிக் கொடுத்த நெகட்டிவ். அவர் கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரோரம் நின்றார். படத்தின் நடுவில் நீலத்துணி கட்டிய போஷெனா திரையில் வந்தாள். மரச்சட்டத்தைத் தூக்கிக் காட்டினாள். ஈரத் தாளை உயர்த்திச் சிரித்தாள். பல்லெல்லாம் இருந்தது. பிறகு பேச ஆரம்பித்தாள். சத்தம் இல்லை. நான் அழித்த சத்தம். எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் நின்றேன்.

இருட்டில் யாரோ பேசினார்கள். “தலவலி மாத்திர தீந்துட்டா தறி ஓடாது... எல்லாரும் கைப்பையில வெச்சிருக்கோம்...”

ரெகினாவின் குரல். தறிகள் ஓடும்போது பக்கத்தில் கத்தினாலும் கேட்காது. நெசவுப் பெண்கள் நாளெல்லாம் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்த விஷயம்தான், தோன்றவே இல்லை. அந்த மஃப்டிக்காரர்களுக்கும் தோன்றியிருக்காது. ரெகினாவோடு இன்னொரு குரல் சேர்ந்தது, பிறகு பத்து, பிறகு கேன்டீன் முழுவதும்.

“எங்க வரிசையில மூணு பேருக்குக் கர்ப்பம் கலைஞ்சுது... ஒரே வருஷத்துல... டாக்டர், பொம்பளைக்கு ஒடம்பு பலவீனம்னு எழுதினாரு... மூணாவது ஆளு நான்தான்... வீட்ல சொல்லல... மறுநாள் தறிக்கு வந்துட்டேன்...”

அம்மாவின் உதட்டைப் படிக்கத் தெரியாத இவோனா, கண்ணைத் திரையிலும் காதைப் பெண்களிடமும் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சிலரால் முடிக்க முடியவில்லை. முடித்தவள் ரெகினா மட்டும்.

விளக்குப் போட்டதும் ஒருத்தி திரும்பி லுத்விகாவைப் பார்த்துவிட்டாள். “இவள யாரு உள்ள விட்டது?” என்றாள். நான் மேஜைமேல் ஏறி நின்றேன். லுத்விகா வேண்டாம் என்று கையை ஆட்டுவது தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்: கொதிகலன் வரைக்கும் போனது, வாசலிலிருந்து திரும்பியது, வியாழக்கிழமைகள், அட்டைப்பெட்டிகள், மை.

“செத்தவ வந்து இல்லன்னு சொல்ல மாட்டாங்கற தைரியம்” என்றது ஒரு குரல்.

இவோனா எழுந்தாள். “வாரா வாரம் ஒரு அம்மா வருவாங்க. இவங்கதான். அம்மா உக்காரச் சொல்ல மாட்டாங்க. ஏதோ காகிதம் குடுப்பாங்க. என்ன காகிதம்னு எனக்குத் தெரியாது” என்றாள். அவள் பார்த்தது அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வார்த்தை கூட்டவில்லை.

பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் நம்பவில்லை. லுத்விகா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருவில் ஓடிப் பிடித்தேன்.

“எதுக்கு ரோமன் மேசமேலல்லாம் ஏறினே? முழங்கால் வலிக்கப் போகுது.”

“உண்மை தெரிய வேணாமா?”

“உண்மைன்னா முழுசும் சொல்லணும். காகிதம் தூக்கினதால அவ ஜெயில்ல கழிச்ச ஒண்ணரை வருஷம் திரும்ப வரல. அதயும் சேத்துச் சொல்லியிருக்கணும்.”

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ரெகினா தன் தட்டை எடுத்துக்கொண்டு லுத்விகாவின் மேஜைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்திவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். அதற்குப்பின் தினமும் அங்கேதான் உட்கார்ந்தாள். வேறு யாரும் வரவில்லை.

தொண்ணூற்று இரண்டு கோடையில் மில்லையே மூடினார்கள். டாங்கியும் இல்லை, தடியும் இல்லை. துணியை வாங்க ஆளில்லை என்று ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டினார்கள். எதற்காகத் தறிகளை நிறுத்திப் போராடினார்களோ, அந்தத் தறிகளையே பழைய இரும்பு விலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். இருநூறு பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். யாருக்கு எதிராகக் கத்துவது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை.

“இனி என்ன பண்ணப் போற?” என்று ரெகினா கேட்டாளாம்.

“காலு வலிக்குது. மொதல்ல உக்காரணும்” என்றாராம் லுத்விகா.

ஐந்து வருடம் ஓய்வூதியத்தில் இருந்தார். எந்தப் படமும் பார்க்கப் போகவில்லை. தொண்ணூற்று ஏழு நவம்பரில் நிமோனியாவில் இறந்தார். இடுகாட்டில் ஏழு பேர் நின்றோம். ரெகினா தடி ஊன்றி வந்திருந்தாள். ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் இவோனாவுக்குத் தந்தி கொடுத்திருந்தேன். விடுப்பு கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. குழிக்குள் மண் விழ ஆரம்பித்ததும் மழை பிடித்துக்கொண்டது. ரெகினாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து டிராம் நிறுத்தம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் தன் மகனுக்கு வேலை போன கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.